பழைய கணினிக்கு லினக்ஸ்: காணி உறுதியும் படங்களும் தொலையாமல் வைத்திருக்கச் சில குறிப்புகள்

மாரி மழை தொடங்கியிருந்த ஒரு காலை, சம்பூரில் இருந்து ஒரு அம்மா என்னைத் தேடி வந்தார். கையில் இரண்டு சொப்பிங் பைகளால் சுற்றிய ஒரு பழைய மடிகணினி. திருகோணமலை உட்துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய அறையில் பழைய கணினிகளைத் திருத்திக் கொடுப்பதுதான் என் தொழில். பட்டணத்தில் ஏற்கனவே இரண்டு இடங்களில் காட்டிவிட்டுத்தான் அவர் என்னிடம் வந்திருந்தார். “போமற் பண்ணவேணும், உள்ளுக்குக் கிடக்கிறது எல்லாம் போயிடும் எண்டு சொல்லிப்போட்டினம் தம்பி. இதுக்குள்ளதான் எல்லாம் கிடக்கு” என்றார்.

எல்லாம் என்று அவர் சொன்னது மூன்று விடயங்களை. காணாமலாக்கப்பட்ட மகனின் படங்கள். 2006 இல் ஊரைவிட்டு ஓடும்போது மடியில் கட்டிக்கொண்டு போன காணி உறுதியின் பிரதி. ஒவ்வோர் ஆணைக்குழுவுக்கும் கொடுத்த முறைப்பாடுகள். படித்த மகள் வெளிநாடு போகும் முன்னர் இவற்றையெல்லாம் அந்தக் கணினியில் ஏற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். இப்போது கணினியில் வின்டோஸ் ஆரம்பிக்கவில்லை.

என்னிடமிருந்த ஒரு பென்ரைவைச் செருகி, அதிலிருந்த லினக்ஸ் மூலம் கணினியை எழுப்பினேன். பத்து நிமிடத்துக்குள் கோப்புறைகள் திரையில் வந்தன. முதலில் திறந்த படத்தில் ஒரு பெடியன் சைக்கிளோடு கடற்கரையில் நிற்கிறான். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “மற்றதுகளும் கிடக்கோ பார் தம்பி” என்றார். எல்லாம் கிடந்தது.

நான் செய்தது பெரிய வித்தை இல்லை. வீட்டில் ஒரு பழைய கணினியும் ஒரு பென்ரைவும் உள்ள எவரும் செய்யக்கூடிய வேலை. இக்கட்டுரையை எழுதுவதற்குக் காரணமும் அதுதான். கடதாசிகளை ஒருமுறை இழந்தவர்கள் நாங்கள். இரண்டாம் தடவை அவற்றை ஒரு பழுதடைந்த கணினியில் இழக்க வேண்டியதில்லை.

ஏன் இப்போது?

வின்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ற் 2025 ஒக்டோபர் 14 உடன் நிறுத்திவிட்டது. வின்டோஸ் 11 இற்கு மாறுவதென்றால் ஏறத்தாழ 2018 இற்குப் பிந்திய கணினி தேவை. எங்கள் பிரதேசத்தில் வீடுகளிலும் சனசமூக நிலையங்களிலும் இருப்பவற்றில் பெரும்பாலானவை அதைவிடப் பழையவை. வெளிநாட்டு உறவினர் பாவித்துவிட்டு அனுப்பியவையும், தொண்டு நிறுவனங்கள் தந்துவிட்டுப் போனவையும்தான் அதிகம். 2022 இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் புதுக் கணினி வாங்குவது பலருக்குக் கனவாகிவிட்டது.

இந்தக் கணினிகளின் வன்பொருள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. அவற்றில் லினக்ஸை நிறுவினால் இன்னும் சில வருடங்கள் பாதுகாப்பு இற்றைப்படுத்தல்களோடு ஓடும். பணம் கட்டத் தேவையில்லை. திருட்டுப் பிரதி தேடவும் தேவையில்லை. கடைகளில் போட்டுத்தரும் திருட்டு வின்டோஸோடு எத்தனை கள்ள மென்பொருள்கள் சேர்ந்து வருகின்றன என்பதைத் தினமும் காண்பவன் நான்.

லினக்ஸ் என்றால் என்ன?

கணினியின் உறுப்புகளையும் நாம் பாவிக்கும் மென்பொருள்களையும் இணைத்து நடத்துவது இயங்குதளம். வின்டோஸ் அவற்றில் ஒன்று. லினக்ஸின் கருவை 1991 இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதி வெளியிட்டார். அதன் மூலநிரலை எவரும் பார்க்கலாம், மாற்றலாம், பகிரலாம். திறந்த மூலம் என்பதன் பொருள் அதுதான். அந்தக் கருவைச் சுற்றி மென்பொருள்களைச் சேர்த்துப் பொதியாகத் தருபவற்றை வழங்கல்கள் என்கிறோம். உபுண்டு, லினக்ஸ் மின்ற், டெபியன் ஆகியவை அப்படிப்பட்டவை.

உபுண்டு 2004 இல் வெளிவந்தது. அப்போது கேட்பவர்களுக்கு இறுவட்டை இலவசமாகத் தபாலில் அனுப்பினார்கள். 2011 வரை அந்தச் சேவை இருந்தது. எனக்கும் ஒன்று யுத்த காலத்தில் வந்து சேர்ந்தது. அதைப் பையில் வைத்துக்கொண்டு வரும்போது சோதனைச்சாவடியில் நிறுத்தி, உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். “இது என்ன படம்?” என்று கேட்டார்கள். படம் இல்லை, கணினிக்குப் போடுவது என்றேன். இலவசமாக ஒருவர் வெளிநாட்டிலிருந்து அனுப்பினார் என்பதை அவர்கள் நம்பவில்லை. அரைமணி நேரம் நின்றபின் விட்டார்கள். உபுண்டு என்பது தென்னாபிரிக்க மொழிகளில் மனிதர் பிற மனிதரோடு கொண்டிருக்கும் உறவைக் குறிக்கும் சொல் என்று பின்னர்தான் வாசித்து அறிந்தேன்.

திறந்த மூலத்தின் பயன் எங்கள் கரைக்குப் புதிதல்ல. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை திருகோணமலைக் கரையையும் அடித்தது. அதன் பின்னர் இலங்கையின் தன்னார்வ மென்பொருளாளர்கள் சில வாரங்களுக்குள் சகானா என்ற மென்பொருளை உருவாக்கினார்கள். காணாமற்போனோர், முகாம்கள், உதவிப் பொருட்கள் பற்றிய விபரங்களைப் பதிவதற்கான மென்பொருள் அது. மூலநிரல் திறந்திருந்ததால் 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2010 ஹெயிட்டி நிலநடுக்கத்திலும் அதையே எடுத்துப் பாவித்தார்கள். அலையில் காணாமற்போனவர்களுக்கு அப்படி ஒரு பதிவேடு உடனே உருவானது. யுத்தத்தில் காணாமலாக்கப்பட்டவர்களின் பதிவேட்டை இன்றும் தாய்மார்தான் பைகளில் சுமந்து திரிகிறார்கள்.

எந்த லினக்ஸ்?

இரண்டு மூன்று பெயர்கள் தெரிந்தால் போதும்.

4 ஜிபி நினைவகம் உள்ள கணினிக்கு லினக்ஸ் மின்ற் எக்ஸ்எவ்சிஈ பதிப்பைச் சொல்வேன். வின்டோஸ் 7 பாவித்தவர்களுக்குக் கைக்கு இலகுவாகப் பழகும். 2 ஜிபியிலும் ஓடும், ஆனால் உலாவியில் பல பக்கங்களைத் திறந்தால் திணறும். வன்தட்டில் 20 ஜிபியாவது வேண்டும். 8 ஜிபி அல்லது அதற்கு மேல் நினைவகம் இருந்தால் உபுண்டுவும் நல்லது. 2 ஜிபி மட்டும் என்றால் லுபுண்டுவைப் பாருங்கள். 32 பிற் மட்டும் தாங்கும் மிகப் பழைய கணினிகளுக்கு அன்ரிஎக்ஸ் போன்ற சில வழங்கல்களே மிச்சம்.

நீண்டகால ஆதரவுப் பதிப்பையே எடுங்கள். உபுண்டு 24.04 என்றால் 2024 ஏப்ரலில் வந்தது என்று அர்த்தம். அதற்கும், அதை அடிப்படையாகக் கொண்ட மின்ற் 22 இற்கும் 2029 வரை இற்றைப்படுத்தல்கள் வரும். இடையில் வரும் பதிப்புகள் ஒன்பது மாதத்தோடு முடிந்துவிடும்.

கடற்கரையோரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு மேலதிகக் குறிப்பு: கணினி பீப் என்று கத்திக்கொண்டு எழும்பாமல் நின்றால், இயங்குதளத்தைக் குறை சொல்லும் முன்னர் மின்சாரத்தைத் துண்டித்து நினைவகச் சட்டத்தைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்துப் பாருங்கள். உப்புக்காற்றில் அவை கறுத்துவிடும். என்னிடம் வரும் “செத்த” கணினிகளில் கணிசமானவை இப்படித்தான் உயிர்க்கின்றன.

பென்ரைவில் இருந்து ஓட்டிப் பார்த்தல்

லினக்ஸின் மிகப்பெரிய வசதி, அதை நிறுவாமலே பாவித்துப் பார்க்கலாம் என்பது.

1. 8 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட பென்ரைவ் ஒன்றை எடுங்கள். அதில் உள்ளவை அனைத்தும் அழிந்துபோகும் என்பதால் வெறுமையானதாக இருக்கட்டும்.

2. வழங்கலின் உத்தியோகபூர்வ இணையத்தளத்தில் இருந்து கோப்பைத் தரவிறக்குங்கள். மின்ற் ஏறத்தாழ 3 ஜிபி. இரவுநேர டேற்றா உள்ளவர்கள் நள்ளிரவுக்குப் பின் எடுத்தால் செலவு குறையும். ஒருவர் எடுத்தால் ஊரே பகிரலாம். அது சட்டப்படி அனுமதிக்கப்பட்டது.

3. ஓடுகின்ற வேறொரு கணினியில் ரூபஸ் அல்லது எச்சர் என்ற மென்பொருளால் அந்தக் கோப்பைப் பென்ரைவில் எழுதுங்கள். வெறுமனே பிரதி செய்து ஒட்டினால் வேலை செய்யாது. பலர் பிழைவிடும் இடம் இதுதான்.

4. பழுதான கணினியில் செருகி, ஆரம்பிக்கும்போதே எவ்12 விசையைத் தட்டிக்கொண்டிருங்கள். சில கணினிகளில் எவ்9, எவ்2 அல்லது எஸ்கேப். வரும் பட்டியலில் பென்ரைவைத் தெரிவு செய்யுங்கள்.

5. லினக்ஸ் திரை வந்ததும் வைபை, ஒலி, திரை வெளிச்சம், அச்சுப்பொறி எல்லாம் வேலை செய்கின்றனவா என்று பாருங்கள். நிறுவும் பொத்தானைத் தொடாதவரை உங்கள் வன்தட்டுக்கு ஒன்றும் ஆகாது.

எழும்பாத கணினியில் இருந்து கோப்புகளை எடுத்தல்

சம்பூர் அம்மாவின் கணினிக்குச் செய்தது இதைத்தான். பென்ரைவில் இருந்து லினக்ஸ் ஓடும்போது கோப்பு முகாமையாளரைத் திறந்தால் இடப்பக்கத்தில் வன்தட்டின் பகுதிகள் தெரியும். வின்டோஸ் இருந்த பகுதிக்குள் போய், பயனர் பெயரில் உள்ள கோப்புறையை இன்னொரு வெளி வன்தட்டுக்கோ பென்ரைவுக்கோ பிரதி எடுங்கள். சிலவேளை அந்தப் பகுதி வாசிக்க மட்டுமே அனுமதிக்கும். பிரதி எடுக்க அது போதும்.

மூன்று எச்சரிக்கைகள்.

வன்தட்டு டிக் டிக் என்று சத்தமிட்டால் உடனே கணினியை நிறுத்துங்கள். மீண்டும் மீண்டும் இயக்கிப் பார்ப்பதுதான் மிச்சத்தையும் கெடுக்கும். டிடிரெஸ்கியூ என்ற லினக்ஸ் கருவியால் முழுத்தட்டையும் ஒரே தடவையில் பிரதி எடுக்கத் தெரிந்த ஒருவரிடம் கொண்டு போங்கள்.

தவறுதலாக அழித்த படங்கள் என்றால் அந்தத் தட்டில் புதிதாக எதையும் எழுதாதீர்கள். போட்டோரெக் என்ற இலவசக் கருவி பலவேளைகளில் அவற்றை மீட்டுத் தரும். கோப்பின் பெயர்கள் போய்விடும், படம் கிடைக்கும்.

புதிய மடிகணினிகள் சிலவற்றில் பிற்லொக்கர் பூட்டு தானாகவே போடப்பட்டிருக்கும். 48 இலக்க மீட்புத் திறவி இல்லாமல் லினக்ஸாலும் உள்ளே போக முடியாது. கணினி நன்றாக இருக்கும்போதே அந்த இலக்கத்தை எடுத்துக் கடதாசியில் எழுதி வையுங்கள்.

இன்னொன்று. அச்சுக் கடைக்குப் போய்வந்த பென்ரைவில் கோப்புறைகள் மறைந்து குறுக்குவழிகள் மட்டும் தெரிகின்றனவா? அது வின்டோஸ் வைரஸின் வேலை. உங்கள் கோப்புகள் பெரும்பாலும் அழிந்திருக்காது. லினக்ஸில் செருகினால் அவை தெரியும். பெயரில்லாத ஒரு கோப்புறைக்குள் ஒளித்து வைக்கப்பட்டிருந்தாலும் காணலாம். தேவையானவற்றை எடுத்துவிட்டுப் பென்ரைவைப் போமற் பண்ணுங்கள்.

நிறுவும்போது கவனிக்க வேண்டியவை

முதலில் கோப்புகளின் பிரதி, பிறகுதான் நிறுவல். இந்த ஒழுங்கை மாற்றாதீர்கள். நிறுவியானது “முழுத்தட்டையும் அழித்து நிறுவவா” என்றும் “வின்டோஸுடன் சேர்த்து நிறுவவா” என்றும் கேட்கும். முதலாவதைத் தெரிவு செய்தால் தட்டில் இருந்தவை திரும்பி வராது. அவசரத்தில் அதை அழுத்திவிட்டு என்னிடம் வந்தவர்கள் உண்டு.

அதே இடத்தில் தட்டை மறைகுறியாக்கவா என்றும் ஒரு தெரிவு இருக்கும். அதைத் தெரிவு செய்தால் கணினி களவு போனாலும் பறிபோனாலும் கடவுச்சொல் இல்லாமல் உள்ளிருப்பதை எவரும் வாசிக்க முடியாது. சாட்சியங்களையும் பிறருடைய விபரங்களையும் வைத்திருப்பவர்கள் கட்டாயம் செய்ய வேண்டியது. ஆனால் கடவுச்சொல்லை மறந்தால் நீங்களும் வாசிக்க முடியாது. மீட்டுத் தருவதற்கு எந்த நிறுவனமும் இல்லை. வயதான அம்மா மட்டும் பாவிக்கும் கணினிக்கு, வீட்டில் இன்னொருவருக்குக் கடவுச்சொல் தெரியாத நிலையில், இதைச் செய்ய வேண்டாம் என்றே சொல்வேன்.

தமிழில் எழுதுதல்

எங்கள் பக்கத்தில் பலர் பழகியது ரெங்கநாதன் விசைப்பலகை. இலங்கையின் நியம விசைப்பலகையும் அதை அடிப்படையாகக் கொண்டதே. தமிழ்99 இல் பழகியவர்களும், ஆங்கில எழுத்தில் “அம்மா” என்று ஒலிப்படி தட்டுபவர்களும் உள்ளனர். மூன்றும் லினக்ஸில் உண்டு.

மென்பொருள் முகாமையாளரைத் திறந்து ஐபஸ்-எம்17என் என்ற பொதியை ஆங்கில எழுத்தில் தட்டித் தேடி நிறுவுங்கள். பிறகு உள்ளீட்டு முறை என்ற அமைப்பில் ஐபஸைத் தெரிவு செய்து, கணினியில் இருந்து வெளியேறி மீண்டும் நுழையுங்கள். ஐபஸின் விருப்பங்களில் தமிழைச் சேர்க்கும்போது மேற்சொன்ன விசைப்பலகைகள் பட்டியலில் வரும். வின்டோஸ் சின்னமுள்ள விசையையும் இடைவெளி விசையையும் சேர்த்து அழுத்தினால் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாறலாம்.

பாமினியில் உள்ள பழைய ஆவணங்கள்

இதைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். 1990 களிலும் 2000 களிலும் எங்கள் சங்கங்கள், ஆலயங்கள், தட்டச்சு நிலையங்கள் எழுதிய கடிதங்களில் பெரும்பகுதி பாமினி எழுத்துருவில் உள்ளது. பாமினி என்பது ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் முகமூடி போட்டது போன்றது. “தமிழ்” என்று திரையில் தெரிந்தாலும் கோப்புக்குள் இருப்பது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அர்த்தமற்ற ஆங்கிலம் தெரியும். கோப்பு பழுதாகிவிட்டது என்று நினைத்து அழித்தவர்கள் இருக்கிறார்கள். முறைப்பாட்டுக் கடிதங்களையும் அப்படி அழித்திருக்கிறார்கள்.

அழிக்காதீர்கள். பாமினி எழுத்துருக் கோப்பை லினக்ஸில் இருமுறை சொடுக்கி நிறுவுங்கள். பிறகு லிப்ரே ஒபிஸில் ஆவணத்தைத் திறந்தால் தமிழ் தெரியும். முதலில் அதை அப்படியே பிடிஎவ் ஆகச் சேமியுங்கள். இனி எந்தக் கணினியிலும் அது வாசிக்கக்கூடியதாக இருக்கும்.

இரண்டாவது படி யுனிகோட்டுக்கு மாற்றுவது. யுனிகோட்டில் இருந்தால்தான் பெயரைத் தட்டித் தேட முடியும், மின்னஞ்சலில் அனுப்ப முடியும். இணையத்தில் மாற்றிகள் பல உண்டு. ஆனால் ஒருவரின் வாக்குமூலத்தை முன்பின் தெரியாத இணையத்தளத்தில் ஒட்டுவது நல்லதல்ல. அவற்றில் பல உலாவிக்குள்ளேயே இயங்குபவை. எனவே பக்கத்தைத் திறந்தபின் இணையத்தைத் துண்டித்துவிட்டு ஒட்டிப் பாருங்கள். அப்போதும் மாற்றித் தந்தால் அதைப் பாவிக்கலாம். வேலை முடிந்ததும் பக்கத்தை மூடிவிட்டே மீண்டும் இணையத்தில் இணையுங்கள்.

மாற்றியபின் ஒரு முறை கண்ணால் வாசியுங்கள். ஆவணத்தில் ஆங்கிலத்திலேயே எழுதியிருந்த சொற்களையும் மாற்றி தமிழென்று எடுத்துக் குழப்பிவிடும். பழைய அடையாள அட்டை இலக்கத்தின் முடிவில் வரும் வீ என்ற ஆங்கில எழுத்து “ஏ” ஆகவும், எக்ஸ் என்பது “ஓ” ஆகவும் மாறியிருக்கும். ஒரு முறைப்பாட்டில் அடையாள அட்டை இலக்கம் பிழைத்தால் என்ன ஆகும் என்பதை எங்கள் ஆட்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

கடதாசிகளைக் கணினியில் ஏற்றுதல்

2010 இல் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு, 2013 இல் பரணகம ஆணைக்குழு, 2016 இன் சட்டத்தால் உருவான காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம். ஒவ்வொன்றிலும் அதே விபரத்தை, அதே கடதாசிகளை எங்கள் மக்கள் மீண்டும் மீண்டும் கொடுத்தார்கள். சம்பூர் மக்களுக்கு 2015, 2016 இல் காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டபோதும் கையில் உள்ள உறுதியும் அனுமதிப்பத்திரமுமே பேசின. கடதாசி உள்ளவர் முன்னே போனார், இல்லாதவர் அலைந்தார்.

லினக்ஸில் ஆவண வருடி என்ற எளிய மென்பொருள் கூடவே வரும். 300 டிபிஐ அளவில் வருடிப் பிடிஎவ் ஆகச் சேமியுங்கள். படங்களை 600 இல் எடுங்கள். வருடி இல்லையென்றால் கைப்பேசி போதும். கடதாசியை மேசையில் தட்டையாக வைத்து, யன்னலோரப் பகல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், நேர் மேலே இருந்து எடுங்கள். அதை வட்ஸ்அப்பில் அனுப்பும்போது படமாக அல்லாமல் ஆவணமாக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், முத்திரையும் சிறிய எழுத்தும் மங்கிவிடும்.

காணி உறுதியில் எல்லாப் பக்கங்களையும், பின்பக்கங்களையும் எடுங்கள். உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் ஆகிய மூன்றும் தெளிவாக இருக்கட்டும். மூலப்பிரதி தொலைந்தாலும் இந்த மூன்றும் இருந்தால் காணிப் பதிவகத்தில் பிரதிக்கு விண்ணப்பிக்க ஒரு பிடி கிடைக்கும். கணினியில் உள்ள பிரதி மூலத்துக்கு ஈடாகாது என்பதையும் மறக்க வேண்டாம். மூலத்தை லமினேற் செய்யாதீர்கள், பிறகு பிரிக்க முடியாது.

கோப்புக்குப் பெயர் வைக்கும்போது வருடம், மாதம், திகதி, பிறகு என்ன ஆவணம், யாருடையது என்ற ஒழுங்கில் எழுதுங்கள். அப்போது அவை தாமாகவே கால ஒழுங்கில் நிற்கும். “புதிய ஆவணம் 7” என்ற பெயரை ஐந்து வருடம் கழித்து யார் கண்டுபிடிப்பது?

மூன்று பிரதிகள்

கணினி திருத்துபவர்கள் சொல்லும் பழைய விதி: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வேறு ஊரில். கணினியில் ஒன்று, வெளி வன்தட்டில் ஒன்று, இன்னொன்று மட்டக்களப்பிலோ கனடாவிலோ உள்ள உறவினரிடம். வெள்ளமோ களவோ ஒரு வீட்டுக்கு வரும், மூன்று வீட்டுக்கும் ஒரே நாளில் வராது.

மின்றில் பிரதி எடுக்கும் கருவியும், உபுண்டுவில் டெஜாடப் என்பதும் உண்டு. ரைம்ஷிப்ற் என்ற இன்னொன்றைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது இயங்குதளத்தை முன்னைய நிலைக்குக் கொண்டுவருவதற்கானது. வழமையான அமைப்பில் உங்கள் படங்களையும் கடிதங்களையும் அது சேமிப்பதில்லை. பென்ரைவை நிரந்தரச் சேமிப்பாக நம்பவேண்டாம். மேசையறையில் சில வருடம் கிடந்தாலே வாசிக்க முடியாமல் போவதுண்டு. வருடத்துக்கு ஒரு தடவை, தைப்பொங்கலோடு என்று வைத்துக்கொள்ளுங்கள், பிரதிகளைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பிரதி பிரதியல்ல.

மின்வெட்டுக்கும் ஒரு குறிப்பு: லிப்ரே ஒபிஸின் அமைப்புகளில் தானாகச் சேமிக்கும் இடைவெளியை 10 நிமிடத்தில் இருந்து 2 நிமிடமாகக் குறையுங்கள். பென்ரைவைப் பிடுங்கும் முன்னர் வெளியேற்று பொத்தானை அழுத்துங்கள். லினக்ஸில் பிரதி முடிந்ததுபோல் தெரிந்தாலும் உள்ளே எழுதிக்கொண்டிருக்கும்.

எது வேலை செய்யாது?

மறைக்காமல் சொல்ல வேண்டியதும் உண்டு. போட்டோசொப் ஓடாது. கிம்ப் என்ற மாற்று உண்டு, பழக நாள் எடுக்கும். கடைகளில் பாவிக்கும் கணக்கியல் மென்பொருள்கள் பலவும் வின்டோஸுக்கு மட்டுமே எழுதப்பட்டவை. சில சிறிய லேசர் அச்சுப்பொறிகள் தலையிடி தரும். எனவே வாங்கும் முன் லினக்ஸில் ஓடுமா என்று கேளுங்கள். வேர்ட் கோப்புகள் திறக்கும், ஆனால் அட்டவணைகள் சிலவேளை குலையும். அலுவலகங்களுக்கு அனுப்பும்போது பிடிஎவ் ஆக அனுப்பினால் அந்தப் பிரச்சினை இல்லை. தொழிலுக்கு வின்டோஸ் தேவைப்படுபவர் இரண்டையும் சேர்த்து வைத்திருப்பதே உத்தமம்.

லினக்ஸில் வைரஸே வராது என்று சொல்பவரையும் நம்பவேண்டாம். குறைவு, அவ்வளவுதான். இற்றைப்படுத்தல் அறிவிப்பு வரும்போது ஏற்றுக்கொள்ளுங்கள். மென்பொருளை மென்பொருள் முகாமையாளரில் இருந்து மட்டும் நிறுவுங்கள். கடவுச்சொல்லைக் கேட்கும் போலி மின்னஞ்சலுக்கு எந்த இயங்குதளமும் தடையில்லை.

பிள்ளைகளுக்கு இதில் ஒரு மேலதிக நன்மை உண்டு. உயர்தரத் தகவல் தொழினுட்பப் பாடத்தில் வரும் பைதன் மொழி இதில் கூடவே வருகிறது. படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் நிறுவும் வேலையை அவரிடமே விடுங்கள். பிழைவிட்டுப் பழகட்டும். கோப்புகளின் பிரதி பத்திரமாக இருந்தால் எந்தப் பிழையும் பெரிதல்ல.

முடிவாக

1981 இல் யாழ் நூலகம் எரிந்தபோது போனவற்றில் பலவற்றுக்கு வேறு பிரதி இருக்கவில்லை. 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் எண்ணிம வடிவில் சேர்த்து எவரும் வாசிக்கத் தருகிறது. அந்தத் தளத்தை நடத்துவதும் திறந்த மூல மென்பொருளே. நூல்களுக்கு அவர்கள் செய்வதை எங்கள் வீட்டுக் கடதாசிகளுக்கு நாங்கள்தான் செய்யவேண்டும். வேறு யாரும் வந்து செய்யப்போவதில்லை.

சம்பூர் அம்மாவின் கணினியில் இப்போது மின்ற் ஓடுகிறது. அவருடைய கோப்புகள் ஒரு வெளி வன்தட்டில் அவரிடமும், இன்னொரு பிரதி வெளிநாட்டில் மகளிடமும் இருக்கின்றன. பழைய வன்தட்டைக் கழற்றிவிட்டு வேறொன்று போட்டேன். கழற்றியதை எறியவா என்று கேட்டபோது, “வேண்டாம் தம்பி, அதுவும் கிடக்கட்டும்” என்று வாங்கி அதே சொப்பிங் பையில் சுற்றிக்கொண்டு மூதூர் பஸ்ஸுக்குப் போனார்.